பிக்கப்புக்கு ஒல்லி டயர் மாட்டிய கதை

போன மாதம் மார்த்தாண்டத்தில் காற்று நிரப்ப வண்டியை நிறுத்தியிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பையன் பிக்கப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கடைசியில் கேட்டேவிட்டான். "அண்ணா, ஃபோர் வீல் வண்டிக்கு எதுக்கு இந்த ஒல்லி டயரு? தடி டயர் போட்டா எங்கயும் ஏறுமே?" போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கழற்றினேன் தம்பி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆனால் அருமனை தாண்டி, களியல் வருகிறவரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதே வார்த்தைகளில்தான் பேசிக்கொண்டிருந்தேன். அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்பது எனக்கு யோசித்து வந்த முடிவு இல்லை. வெயில் அடித்தால் துணி காயும் என்பதுபோல, கேள்வியே கேட்காமல் நம்பிய விஷயம். அது என் கையை விட்டுப் போன காலையைச் சொல்லாமல் அந்தப் பையனுக்குப் பதில் சொல்ல முடியாது.

எங்கள் ரப்பர் விளை களியலுக்கு மேலே, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒகி புயல் அடித்தபோது முற்றிய ரப்பர் மரங்களில் பாதிக்கு மேல் ஒரே பகலில் சாய்ந்துவிட்டன. விழுந்த மரங்களை வெளியே எடுப்பதற்காக ஜேசிபி வைத்துச் சரிவைக் குடைந்து ஒரு பாதை வெட்டினோம். அப்புறம் கன்று வைத்தோம், கன்றுகளுக்கு நடுவே அன்னாசி போட்டோம். அன்னாசி இறக்கத்தான் பழைய பிக்கப் ஒன்றை வாங்கினேன். ரப்பர் பால் கேன்கள் இறக்கவும் அதே வண்டிதான், அதே பாதைதான்.

அந்தப் பாதையின் மண்ணைச் சொல்ல வேண்டும். மேலே செம்மண். அடியில் வெட்டுக்கல் அறுத்து எடுக்கிற அளவுக்குக் கெட்டியான செம்பாறை. கோடையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், காலுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனி பிறந்து மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் மேல்மண் இரண்டு விரல், மூன்று விரல் ஆழத்துக்குக் களி மாதிரி ஆகிவிடும். அதற்குக் கீழே தண்ணீர் சுலபமாக இறங்காது. ஆக, கெட்டியான தரையின் மேல் எண்ணெய் தடவினாற்போல ஒரு சகதிப் படலம் கிடக்கும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் வருடத்தில் பாதி நாள் இந்தப் படலத்தின் மேல்தான் வண்டி ஓட்டுகிறோம்.

வண்டி வாங்கும்போது அதில் 7.00 ஆர் 15 டயர் இருந்தது, அதாவது ஏழு அங்குல அகலம், பதினைந்து அங்குல ரிம். தேய்ந்துபோன, பார்க்கவும் ஒல்லியான டயர். நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வண்டிக்கு இது பற்றாது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். டயர் கடையிலும் அதையே சொன்னார்கள். 31×10.5 ஆர் 15 போட்டேன். முப்பத்தொரு அங்குல உயரம், பத்தரை அங்குல அகலம். அதற்குப் பழைய ரிம் அளவு போதாது என்பதால் எட்டு அங்குல அலாய் ரிம்மும் வாங்க வேண்டி வந்தது. தரையைக் கடிக்க மேலே பெரிய பெரிய ரப்பர் பட்டன் உள்ள டயர். வீட்டு முற்றத்தில் வண்டி நின்ற நிற்பைப் பார்த்து அம்மாவே ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். பங்குனி, சித்திரை முழுக்க ஒரு குறையும் இல்லை. காய்ந்த சரளையில் அது நன்றாகவே ஏறியது, மறுக்க மாட்டேன். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் சக்கரம் உள்ளே உரசும், சேறு மட்கார்டைத் தாண்டிக் கதவு வரை தெறிக்கும். ஸ்டியரிங் முன்னைவிடக் கனத்தது. இதெல்லாம் பெரிய வண்டி என்றால் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

ஆனி மாதக் காலை

அன்று மழை விடியற்காலையில்தான் விட்டிருந்தது. வெட்டுகிற இடத்தில் மழை படாமலிருக்க மரங்களுக்குப் பிளாஸ்டிக் மழைப் பாவாடை கட்டியிருந்ததால் பால் வெட்டு நடந்தது. ரப்பர் பால் காத்திருக்காது. கட்டி பிடிக்காமலிருக்க அமோனியா விட்டாலும், வெயில் ஏறுவதற்குள் கீழே கொண்டு சேர்த்தால்தான் பாலுக்கு மரியாதை, இல்லாவிட்டால் கேனுக்குள்ளேயே கட்டி பிடித்து ஒட்டுப்பால் விலைக்குப் போகும். எட்டு கேன் ஏற்றினோம். பால் வெட்டுகிற அக்காவின் மகன் பின்னால் கேன்களைப் பிடித்துக்கொண்டு நின்றான். சரிவைப் படிப்படியாக வெட்டிய தட்டுகளில் மேல்தட்டிலிருந்து இறங்க ஆரம்பித்தேன். நாலு சக்கரமும் இழுவையில், முதல் கியர், கால் பிரேக்கில் இல்லை. எல்லாம் முறைப்படிதான்.

இரண்டாவது வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தேன். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. அந்த ஒரு நொடியை இப்போதும் உள்ளங்கையில் உணர முடிகிறது. கனத்துக் கிடந்த ஸ்டியரிங் திடீரென்று ஒன்றுமில்லாமல் லேசாகிவிட்டது. வண்டி நேராகப் போய், அப்புறம் பின்பக்கம் மெதுவாக, மிக மெதுவாக, சரிவுப் பக்கம் ஒதுங்கியது. பயத்தில் பிரேக்கை மிதித்தேன். நாலு சக்கரமும் சுழலாமல் நின்றுவிட, வண்டி இன்னும் வேகமாக வழுக்கியது. பின்னால் நின்ற பையன் குதித்துவிட்டான். கேன்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். பின்சக்கரம் தட்டின் விளிம்பைத் தாண்டி இறங்கி எதிலோ இடித்து நின்றது. ஒகியில் விழுந்த மரத்தின் குற்றி. பிடுங்கச் செலவாகும் என்று விட்டுவைத்திருந்தோம். அது இல்லாவிட்டால் அடுத்த தட்டு பன்னிரண்டு அடிக்குக் கீழே.

கீழேயிருந்து ஒரு ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்டது. மேல் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற பக்கத்து விளை மாமாவின் பழைய ஜீப். நான் இறங்க முடியாமல் வழுக்கிய அதே பாதையில், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, வேகம் கூட்டாமல் குறைக்காமல் ஏறி வந்தது. மாமா இறங்கி என் கதவுப் பக்கம் வந்தார். "மக்களே, பிரேக்கை சவிட்டிட்டா இருக்க? சவிட்டாத. கையை மட்டும் பிடி. பைய, பைய." கயிற்றைக் கட்டி, ஜீப்பைக் குறுக்கே நிறுத்தி, அரை மணி நேரத்தில் என் வண்டியைத் தட்டுக்கு இழுத்துவிட்டார். இரண்டு கேன் பால் சிந்திப் போயிருந்தது. பையனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவோடு முடிந்தது.

என்னை மாற்றியது அந்த விபத்து இல்லை. அதற்குப் பிறகு பார்த்த தடம்தான். மாமா ஏறிப்போன பின் வளைவுக்கு நடந்து போய் நின்றேன். என் சக்கரம் போன இடம் ஒரு சாணுக்குச் சற்றே கூடிய அகலத்தில், கொத்தனார் கரண்டியால் இழுத்துவிட்ட பூச்சு மாதிரி வழவழவென்று கிடந்தது. அதில் பட்டன் அச்சு ஒன்றுகூட இல்லை. குனிந்து டயரைப் பார்த்தால், பட்டன்களுக்கு இடையில் இருந்த பள்ளமெல்லாம் செம்மண் நிரம்பி, டயரே ஒரு மண் உருளையாக இருந்தது. பக்கத்திலேயே ஜீப்பின் தடம். அரைச் சாணுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் சகதி ஒதுங்கி நின்றது. அந்தப் பள்ளத்தின் அடியில் விரலை விட்டேன். சொரசொரவென்று சரளை தட்டியது. செம்பாறையின் மஞ்சள் புள்ளிகள்கூடத் தெரிந்தன. சாயங்காலம் சாயா குடிக்கும்போது மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் பெரிதாக எதையும் கண்டுபிடித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. "ஒன் டயரு சகதிக்கு மேல நிக்கு. என் டயரு தரையில நிக்கு. பின்ன என்ன?" என்றார்.

பழைய பேப்பரும் செம்மண் குழம்பும்

அதோடு விட்டிருக்கலாம், முடியவில்லை. அகலமான டயர் தரையை அதிகம் தொடும், அதிகம் தொட்டால் அதிகம் பிடிக்கும் என்ற கணக்கில் எங்கே ஓட்டை? ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்துகிற புகைப்புரை ஓரத்தில் வண்டியை நிறுத்தி, ஜாக்கியில் ஒரு சக்கரத்தைத் தூக்கி, டயரில் செம்மண் குழம்பு பூசி, அடியில் பழைய பேப்பரை விரித்து மெதுவாக இறக்கினேன். மறுபடி தூக்கிப் பேப்பரை எடுத்தேன். அப்புறம் பழைய ரிம்மோடு கிடந்த ஒல்லி டயரை மாட்டி, அதே அளவு காற்று வைத்து, அதையே செய்தேன். முதல் பேப்பரில் பாதைக்குக் குறுக்கே படுத்த செங்கல் மாதிரி ஒரு அச்சு. இரண்டாவதில் கிட்டத்தட்ட சதுரமான ஒரு ஓடு. வடிவம்தான் வேறு. இரண்டின் பரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கணக்குப் போட்டால் காரணம் எளிது. வண்டியின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் டயருக்குள் இருக்கும் காற்றுதான். ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று 35 பவுண்டு. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.46 கிலோ. 500 கிலோவைத் தாங்க சுமார் 203 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொட வேண்டும். டயர் அகலமோ ஒல்லியோ, அது மாறாது. தரை தொடும் அகலம் 21 சென்டிமீட்டர் என்றால் நீளம் 10க்குப் பக்கத்தில் வரும், 14 சென்டிமீட்டர் என்றால் நீளம் பதினாலரை. பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் இம்மி பிசகாமல் இப்படியே வராது, ஆனால் போக்கு இதுதான். தொடுகிற பரப்பைக் கூட்ட வேண்டும் என்றால் அகலத்தில் பணம் போட வேண்டியதில்லை, காற்றைக் குறைக்க வேண்டும். அதே ஒல்லி டயரில் 20 பவுண்டு வைத்தால் பரப்பு 355 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். அகலம் அதே 14 என்பதால் நீளம் 25க்கு நீண்டு, அச்சு பாதையின் நீளவாக்கில் படுத்த செங்கலாகிவிடும்.

நீளவாக்கில் என்பதுதான் இதில் முக்கியம். சகதியில் போகிற சக்கரம் தனக்கு முன்னால் கிடக்கும் மண்ணைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். நாலு விரல் ஆழம் புதைந்தால், பத்தரை அங்குல டயர் தள்ள வேண்டிய மண் ஏழு அங்குல டயர் தள்ளுவதைவிட ஒன்றரை மடங்கு. மண்வெட்டியால் சேற்றைத் தள்ளுவதற்கும் கடப்பாரையைச் சேற்றில் இறக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது. அகலமான டயர் சகதியை ஒதுக்க முடியாமல் அதன் மேல் ஏறிக்கொள்கிறது. ஒல்லி டயர் வெட்டிக்கொண்டு இறங்கி, முன்சக்கரம் போட்ட தடத்திலேயே பின்சக்கரத்தையும் கொண்டுபோகிறது. அந்தத் தடத்தின் சுவரே வண்டி பக்கவாட்டில் ஒதுங்காமல் பிடித்துக்கொள்கிறது. என் வண்டி வளைவில் திரும்பாமல் போனதற்கும் ஜீப் திரும்பியதற்கும் காரணம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

மாமாவின் ஜீப்பில் இருப்பது 6.00-16. இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லீஸ் ஜீப்புக்கும் அதே அளவுதான். நம் ஊர் டிராக்டர்களின் முன்சக்கரத்தைப் பாருங்கள், பலவற்றில் அதே 6.00-16 எழுதியிருக்கும். கேமல் டிராஃபி என்று காடும் சேறுமாகப் போகிற போட்டி ஒன்று 1980களில் நடந்தது. அதில் ஓடிய லேண்ட் ரோவர்கள் பலவற்றில் உயரமான ஒல்லி டயர்தான் மாட்டியிருந்தார்கள். சுவீடனில் பனியில் நடக்கும் ராலிக்கு ஒல்லியான, ஆணி பதித்த டயர் மாட்டுகிறார்கள். மேலே இளகிய பனி, அடியில் கெட்டியான ஐஸ். நம் செம்பாறையும் சகதியும் மாதிரியே. எங்கோ இருக்கிற அவர்களுக்கும் களியலில் இருக்கிற மாமாவுக்கும் தரை ஒரே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அதற்காக ஒல்லி டயர்தான் எங்கும் நல்லது என்று சொல்ல வரவில்லை. என் மச்சானுக்குத் தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீன் ஏற்றுகிற வேலை. அவன் வண்டி கடல் மணலில் இறங்கி ஏற வேண்டும். மணலுக்கு அடியிலும் மணல்தான். வெட்டிக்கொண்டு இறங்கினால் பிடித்துக்கொள்ள அங்கே தரை கிடையாது, ஆக்சில் தட்டுகிறவரை இறங்கிக்கொண்டே போகும். அங்கே மிதக்க வேண்டும், அதற்கு அகலமும் குறைந்த காற்றும் வேண்டும். நாஞ்சில்நாட்டு வயல் சேறும் அப்படித்தான். நடவுக்கு உழும் டிராக்டருக்குக் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுகிறோமே, டயரை மட்டும் நம்பி இறங்குவதில்லையே. ஐஸ்லாந்தில் பனிப்பாளத்தின் மேல் போகிற வண்டிகளுக்குப் பீப்பாய் மாதிரி டயர் மாட்டிக் காற்றை அடியோடு குறைத்துவிடுவார்களாம். எல்லாம் சரிதான். சகதிக்கு அடியில் கைக்கெட்டும் ஆழத்தில் கெட்டித்தரை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டயர் கடையில் இதை யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மாற்றியபின்

தடி டயரையும் அலாய் ரிம்மையும் மச்சான் எடுத்துக்கொண்டான். நான் பழைய இரும்பு ரிம்முக்கே புது 7.00 ஆர் 15 போட்டேன். ஒல்லி என்றதும் கார் டயர் மாட்டிவிடக் கூடாது. லாரி வகையில், பிளை என்கிற உள்ளடுக்கு அதிகமுள்ள, பாரம் தாங்குகிற டயராகப் பார்த்து எடுக்க வேண்டும். அகலத்தில் குறைகிற காற்றை அழுத்தத்தில் ஈடு கட்டித்தான் அது சுமையைத் தாங்குகிறது. புது டயரைப் புகைப்புரைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தபோது, உள்ளே கொடியில் ஷீட் புகைந்துகொண்டிருந்தது. இந்த வகை டயரில் இயற்கை ரப்பரின் பங்கு கார் டயரில் இருப்பதைவிட அதிகம். வளைந்து நிமிரும்போது அதிகம் சூடாகாது, கல் குத்தினால் சட்டென்று கிழியாது. நம் மரத்துப் பால் எங்கெங்கோ போய், இந்த மலைக்கே திரும்பி வருகிறது. அதன் வாசனையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாற்றியதால் இழந்ததும் உண்டு. உயரத்தில் ஒன்றரை அங்குலம் குறைந்ததால் ஆக்சிலுக்கு அடியில் முக்கால் அங்குலம் போனது. ஆனால் சிறிய சக்கரம் என்பதால் முதல் கியரில் இழுவை கூடியிருக்கிறது. தார் ரோட்டில், தக்கலைப் பக்கம் வேகமாக வளைந்தால் வண்டி முன்னைவிடச் சாய்கிறது. மழை ரோட்டில் நிறுத்தத் தூரம் கொஞ்சம் அதிகம் வேண்டியிருக்கிறது, அதற்கேற்ற மாதிரி ஓட்டுகிறேன். இது ட்யூப் டயர். ஆசைப்பட்டு இஷ்டத்துக்குக் காற்றைக் குறைத்தால் ரிம் மட்டும் சுழன்று ட்யூப் வால்வைப் பிய்த்துவிடும். அதனால் வெறும் வண்டியாக ஏறும்போது மட்டும் 22 பவுண்டு, பாரத்தோடு இறங்கும்போது குறைப்பதில்லை. தாருக்கு வருமுன் பழைய அளவுக்கு நிரப்பிவிடுவேன். அதற்குச் சின்ன கம்ப்ரஸர் ஒன்று சீட்டுக்கு அடியில் கிடக்கிறது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஒல்லி டயர் பாதையை வெட்டும். சகதியை வெட்டித் தரையைத் தொடுகிறது என்று எதைப் பாராட்டினேனோ, அதுவே பாதைக்குக் காயம். மாட்டுவண்டியின் இரும்புப் பட்டை மண் ரோட்டைக் கீறியது இப்படித்தான். ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போனால் அது பள்ளமாகும், பள்ளத்தில் மழைத் தண்ணீர் ஓடும், ஓடுகிற தண்ணீர் மண்ணை அரித்துக் கீழ்த்தட்டில் கொண்டுபோய்க் கொட்டும். நடுவில் மண் மேடு உயர்ந்து ஒரு நாள் ஆக்சில் ஹவுசிங்கில் தட்டும். போன ஐப்பசி மழையில் மூன்றாவது வளைவில் தடத்தின் ஆழம் ஒரு சாண் ஆகிவிட்டது. மாமாவிடம் கேட்டேன். "தடத்துல வண்டி ஓட்டுகவன் தடத்தையும் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, தன் பங்குக்கு ஒரு டெம்போ உடைந்த வெட்டுக்கல் இறக்கிவிட்டார். இரண்டு பேருமாகப் பள்ளத்தில் கல்லைப் போட்டு இடித்து, தண்ணீர் குறுக்கே திரும்பி ஓட வாய்க்கால் கிழித்துவிட்டோம். மாதம் ஒரு தடவை இது வேண்டியிருக்கிறது.

இன்று காலையும் எட்டு கேன் இறக்கினேன். இரண்டாவது வளைவில் அந்தக் குற்றி அப்படியே நிற்கிறது, அடியில் புதுத் தளிர் விட்டிருக்கிறது. பக்கத்தில் போகும்போது ஸ்டியரிங் கையில் கனமாகவே இருந்தது. சாயங்காலம் மழை விட்டால் மூன்றாவது வளைவுக்கு நாலு கூடை கல் கொண்டுபோக வேண்டும், மாமா மண்வெட்டியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.